சுவர் முந்தியா, தூண் முந்தியா

எங்கள் சுசீந்திரம் வீட்டின் வடகிழக்கு மூலையில், வெளிப்பூச்சுக்கு அடியில், நான் ஆணியால் கீறிய இரண்டு சொற்கள் இருக்கின்றன. கீறியது கொல்லம் ஆண்டு 1128, இடவ மாதம். ஆங்கிலக் கணக்கில் 1953 மே. எனக்கு ஒன்பது வயது. தேதி குறிக்கும் பைத்தியம் அன்றைக்கே பிடித்திருந்ததால் மற்றதையும் முறையாகச் சொல்ல முடிகிறது.

பழைய ஓலை வீட்டை அதற்கு முந்தின மேட மாதம், அதாவது சித்திரை, முதல் வாரத்தில் பிரித்தோம். அம்மா அப்போது கர்ப்பம், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாட்டுத்தொழுவின் ஒரு பாதிதான் எங்கள் குடித்தனம். அதன் கூரை வழியே வெயிலே ஒழுகும். இடவம் பாதியில் பிடிக்கும் பருவமழைக்கு முன் புது வீட்டுக்கு ஓடு போட்டுவிட வேண்டும், பிள்ளை தொழுவில் பிறக்கக் கூடாது. அம்மா கேட்டது அவ்வளவுதான்.

அப்பா கேட்டது கான்கிரீட் தூண். பின்னால் மாடி எடுக்கலாம் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். ஆறு தூண்களும் முதலில் தனியாக எழுந்து நிற்க வேண்டும், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க வேண்டும், செங்கல் சுவர் அதற்குப் பிறகு. கொத்தனாரும் தலையாட்டினார். ஆனால் கலவை ஊற்றச் சுற்றிலும் அடைக்கும் பலகை ஒரு தூணுக்குத்தான் இருந்தது. ஒரு வாரம் காத்திருந்து பலகையைப் பிரித்தோம்; ஆறு தூணுக்கும் இப்படிக் காத்திருந்தால் மழை முந்திவிடும். அம்மாவின் தம்பி, திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் கட்டட வேலையில் நின்றுவிட்டு வந்திருந்த மாமா, தூணை விரலால் சுரண்டினார். ஜல்லி பொலபொலவென்று உதிர்ந்தது.

“குழாப்புட்டு நல்லா வெந்திருக்கு அத்தான். தேங்காதான் கொஞ்சம் கொறவு.”

“ஏலே, நாலு நாள் சட்டி சுமந்துட்டு வந்து எனக்குப் படிப்பிச்சுத் தாறியா?” என்றார் அப்பா.

மாமாவின் வழி தலைகீழானது. தூணுக்குள் போகும் கம்பியை நட்டுவிட்டு, தூண் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டுச் சுவரை முதலில் கட்டுவது. அந்த ஓரத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல்லைப் பல்லாக நீட்டி வைப்பது. பிறகு கலவையை ஊற்றினால், மூலைத் தூணுக்கு இரண்டு பக்கம் சுவரே அடைப்பு. மற்ற இரண்டு பக்கத்துக்குப் பலகை போதும், அதாவது ஒரு தூணின் பலகையில் இரண்டு தூண். அது காயும்வரை கொத்தனார் மற்றச் சுவர்களைக் கட்டலாம். கான்கிரீட்டும் செங்கல்லைக் கடித்துக்கொள்ளும்.

அப்பா உதிர்ந்த ஜல்லியைக் காலால் ஒதுக்கினார். “அப்பம் தூணு சுவருக்குள்ள போயிருமே. எவனுக்குத் தெரியும்?”

தொழுவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “தெரியாண்டாம். நனையாம இருந்தா போரும்.”

மறுநாள் உதிர்ந்த தூணை இடித்துவிட்டு, கொத்தனார் சுவருக்கு நூல் பிடித்தார். அரை ஆள் உயரம் சுவர், அதற்குள் தூண், மறுபடி சுவர். செங்கல் நனைக்க நானும் தண்ணீர் சுமந்தேன். இடவம் ஆறாம் தேதி கடைசித் தூணின், வடகிழக்கு மூலைத் தூணின், பலகையைப் பிரித்தார்கள். ஒரு ஜல்லிகூட உதிரவில்லை. யாரும் பார்க்காத நேரம் சாரத்தில் ஏறி, பச்சைக் கான்கிரீட்டில் கீறினேன்: ‘மாமா யோசனை’.

பதினான்காம் தேதி கடைசி ஓடு ஏறியது. பதினாறாம் தேதி மாலை மழை பிடித்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. அப்பா தெருவில் நனைந்து ஓடியவர்களையெல்லாம் கூப்பிட்டு உள்ளே நிறுத்தினார்.

“சுவருதான் முதல்ல கெட்டணும். நான் அன்னைக்கே சொன்னேம்லா.”

“அத்தான் கணக்கு தப்பாது,” என்றார் மாமா.

யோசனை யாருடையது என்று மூலைத் தூணில் நான் கீறியிருந்தது இருவருக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் தம்பி நனையாத அறையில் பிறந்தான். மழை விட்ட ஒரு நாள் மாமா வெளிப்பூச்சுக்குச் சாந்து குழைத்தார். அவரை இழுத்துப் போய்ச் சாரத்தில் ஏற்றி, என் எழுத்தைக் காட்டினேன். வாசித்தார், சிரித்தார். முதல் கரண்டிச் சாந்தை அதன்மேலேயே அப்பித் தேய்த்தார்.

“கம்பியும் உள்ளதானே நிக்கு மக்களே. இதும் உள்ள கெடக்கட்டு.”

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. ஜெயித்த ஆள் தன் பெயரைத் தானே ஏன் மூட வேண்டும்? ஜன்னலுக்குள், நனையாத தரையில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் விளங்கியிருக்குமோ என்னவோ. நான் பூச்சு தொடங்கிய தேதியைக் குறித்துக்கொண்டிருந்தேன்.