செருப்போடு நுழையும் தேவாலயம்

அன்னூர் தாண்டிப் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. எதிரே சிறிய தேவாலயம். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிகிறேன்.

“ஏனுங்க, கழட்டாதீங்க. இங்க போட்டுட்டுத்தான் வரோணும்,” என்கிறார் உள்ளே பெஞ்சு துடைக்கும் பெண்மணி.

காரணம் கேட்கிறேன்.

“வெள்ளக்காரன் காலத்துச் சண்டைக்குப் போய்ட்டு வந்த எங்க பாட்டன்மார, மேச்சாதிக்காரங்க ஊருக்குள்ள பூட்ஸைக் கழட்டிக் கையில எடுத்துட்டுப் போன்னாங்களாம். கோயிலுக்காச்சும் போட்டுட்டு வாங்கன்னு அப்ப இருந்த பாதிரியார் சொல்லிப்போட்டாருங்க.”

“நல்ல மனிதர்,” என்கிறேன்.

“நல்லவருதானுங்க. ஊடு ஊடாப் போய்ப் பேரு எழுதிச் சண்டைக்கு அனுப்புனதும் அவருதானுங்க.”

சுவரில் பதித்த கல்லைக் காட்டுகிறார். திரும்பி வராதவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன.

செருப்போடுதான் அதன் முன்னால் போய் நிற்கிறேன்.