ஜன்னலில் வைத்த சங்கரா மீன்

யூலலியின் பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. மாதா கோயிலில் முன்பெஞ்சுக்காரி புதுத் தொப்பி போட்டு வந்துவிட்டால் போதும், அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தை இவள் காதில் ஏறாது. கரீபியக் கடலின் கிரனடாத் தீவில், குவாவ் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. அவளும் மறைக்க மாட்டாள், என் ரத்தம் அப்படி என்பாள். ஆனால் புருஷன் ஆல்பன் விஷயத்தில் மட்டும் அவள் நிம்மதியாக இருந்தாள். ஆல்பன் கடலுக்குப் போகிறவன், முன்பல் இடைவெளிக்காரன், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவன். இவனை எவள் கொத்திக்கொண்டு போகப் போகிறாள் என்று இருந்துவிட்டாள்.

அந்த நிம்மதியில்தான் மண் விழுந்தது.

சாதிக்காய்க் கிடங்கில் பெண்கள் நீள பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரிப்பார்கள். கைகள் தம் பாட்டுக்கு ஓடும், வாய் சும்மா இருக்காதே. அதனால் ஒருத்தி கதை படிப்பாள், அவள் பங்குக் காயை மற்றவர்கள் சேர்ந்து பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். படிக்கிறவள் வெர்னா. யூலலியின் எதிர்வீட்டுக்காரி. கல்யாணம் செய்துகொள்ளாமல், படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவை வயசெல்லாம் பார்த்துக்கொண்டவள். குரல் மட்டும் தேன். சாதிக்காய் எண்ணெய் ஒட்டினால் பக்கம் கறைபட்டுப் போகும் என்று புத்தகத்தை அவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. அது அங்கே சட்டம்.

முன்பெல்லாம் வெர்னா படித்தவை வெள்ளைக்காரக் காதல் கதைகள். பனி கொட்டும், பிரபு குதிரையில் வருவான், கதாநாயகியின் பொன்னிறக் கூந்தல் காற்றில் பறக்கும். பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தப் பிரபுவை நினைத்து யூலலி ஒரு நாளும் வயிறெரிந்ததில்லை. நீலக்கண்ணன் இங்கே வந்தால் வெயிலில் வெந்து போவான், அவன் யாரைக் கட்டினால் இவளுக்கு என்ன?

இந்த வருஷம் வெர்னா கொண்டுவந்ததோ வேறு மாதிரி. எழுதியவள் பக்கத்துக் கரியக்கூ தீவுக்காரி. கதாநாயகி கறுப்பி. படுக்கப் போகுமுன் தலைமுடியைப் பட்டுத்துணியால் கட்டிக்கொள்கிறாள், உப்புமீன் பொரிக்கிறாள், கோபம் வந்தால் குவாவ் பெண்கள் மாதிரியே பல்லிடுக்கில் சத்தம் விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கதாநாயகனும் கறுப்பன், படகுக்காரன். அவள் கழுத்தின் கறுப்பைப் பார்த்து அவன் பேச்சற்று நின்ற இடத்தைப் படித்தபோது கிடங்கில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. மூத்தவளான டொராத்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்மளையும் ஒருத்தன் இப்படிப் பாப்பான்னு எழுத இத்தன காலமாச்சு" என்றாள். பிறகு அதே பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். யூலலிக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள்தான் அந்த அத்தியாயம் வந்தது. கதையில் சனிக்கிழமை காலை. படகுக்காரன் ஒரு சங்கரா மீனைச் சீமைப்பலா இலையில் சுற்றி அவள் அடுப்படி ஜன்னலில் வைக்கிறான். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை, வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

யூலலியின் கையிலிருந்த சாதிக்காய் உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. ஆல்பன் அவளைக் கட்டுமுன் செய்ததும், கட்டிய பிறகு வருஷக்கணக்காகச் செய்ததும் அதேதான். அதே மீன், அதே இலை, அதே சனிக்கிழமை. ஆசையை வாயால் சொல்லத் தெரியாதவனுக்கு அதுதான் பேச்சு. இந்த விஷயம் கரியக்கூக்காரிக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்டு தவறாமல் ஆல்பன் படகுப் போட்டிக்குப் போவது எந்த ஊருக்கு? கரியக்கூவுக்கு! யூலலிக்குக் காதிரண்டும் சூடாகிவிட்டது. வெர்னா புத்தகத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள், பின்னட்டையில் எழுதியவளின் படம். நல்ல வாட்டசாட்டமான பொம்பளை, சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

அன்று வீட்டில் ஆல்பனுக்கு ஆறின சோறுதான் கிடைத்தது. கரியக்கூவில் உனக்கு யாரைத் தெரியும் என்று கேட்டாள். அவன் யோசித்து, நாலைந்து படகுகளின் பெயரைச் சொன்னான்.

"படகக் கேக்கல. பொம்பளையக் கேக்கறேன். புத்தகம் போடற அளவுக்கு உன்கூடப் பழகினவ யாரு?"

அவன் அவளையும் சோற்றையும் மாறி மாறிப் பார்த்தான். புத்தகமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட்டு எழுந்தான். அவன் பேசாமலிருப்பது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அது குற்றவாளியின் மௌனமாகப் பட்டது. எத்தனை ஜன்னலில் மீன் வைத்தானோ பாவி என்று பொருமிக்கொண்டே படுத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட வெளியே போனார்கள், வெர்னா முகம் கழுவப் போனாள். புத்தகம் பெஞ்சில் கிடந்தது. யூலலி சட்டத்தை மீறினாள். எண்ணெய்க் கையோடு அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து, எழுத்துக் கூட்டாத குறையாக வரி வரியாகப் படித்தாள். சனிக்கிழமை இருந்தது, ஜன்னல் இருந்தது. அவன் அந்த வழியாகச் சீட்டியடித்துக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். மீனும் இல்லை, இலையும் இல்லை.

நிமிர்ந்தாள். வாசலில் வெர்னா. ஈர முகத்தைத் துடைக்காமல் நின்றிருந்தாள்.

யூலலிக்கு இப்போது எல்லாம் வேறு பக்கம் திரும்பியது. கரியக்கூக்காரியை விட்டாள். எழுந்து நின்றாள்.

"மீன நீதான் சேத்த. உனக்கு எப்படிடி தெரியும்? உன் ஜன்னல்லயும் வச்சானா?"

வெர்னா சிரித்தாள். அழுவது போலத்தான் இருந்தது.

"வச்சிருந்தா நான் ஏன்டி அதக் கதையில வைக்கப் போறேன்?"

வெர்னா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கஞ்சி வைக்கும்போது நேரே தெரிவது உங்கள் வீட்டு ஜன்னல்தான் என்றாள். சனிக்கிழமையானால் அந்த இலைப் பொட்டலத்தைப் பார்க்காமல் அடுப்பை மூட்ட மாட்டாளாம். ஆல்பன்மேல் ஆசை இல்லை என்று சத்தியம் செய்தாள். ஆசை அந்த மீன்மேல்தான். தனக்கும் ஒரு ஜன்னல் இருந்ததே, அதில் ஒருத்தனும் ஒன்றும் வைக்கவில்லையே என்றுதான்.

"அந்தப் பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கப்புறம் மீன் வைக்கறது நின்னு போச்சு" என்றாள் வெர்னா. "புதுப் படகு வாங்கி தூரக் கடலுக்குப் போக ஆரம்பிச்சானே, அப்பலேர்ந்து வைக்கல. நீ கவனிச்சியா, யூலலி?"

யூலலி கவனிக்கவில்லை. யோசித்துப் பார்த்தாள். கடைசி மீனை என்ன செய்தாள் என்றுகூட நினைவில்லை. குழம்பு வைத்திருப்பாள், முள்ளைப் பூனைக்குப் போட்டிருப்பாள். தன் வீட்டு ஜன்னல் காலியானதற்கு எதிர்வீட்டுக்காரி வருத்தப்பட்டிருக்கிறாள், இவளுக்கு அது உறைக்கவே இல்லை. வெர்னாமேல் அவளுக்கு அப்போது வந்த பொறாமை, அதற்குமுன் யார்மேலும் வந்ததில்லை.

சாப்பாடு முடிந்து பெண்கள் திரும்பி வந்தார்கள். நேற்றைய அத்தியாயத்தை முதலிலிருந்து படி என்று டொராத்தியா அதட்டினாள். வெர்னா பக்கத்தைப் பிரித்தாள். அதில் யூலலியின் கட்டைவிரல் கறை பளிச்சென்று இருந்தது. படகுக்காரன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான், ஜன்னலுக்கு அடியில் நின்றான். வெர்னாவும் நிறுத்திவிட்டு, யூலலியைப் பார்த்தாள்.

யூலலி தலையைத் தூக்கவில்லை. ஒரு காயை எடுத்துக் கூடையில் போட்டாள்.

"மீன விட்டுடாத, படி" என்றாள். "ஜன்னல் பச்சை நிறம்னு சேத்துக்கோ. என் ஜன்னல் பச்சை."