மங்களேஸ்வரியின் வலது காது

மங்களேஸ்வரியின் வலது காது செவிடானது ஒரு திங்கட்கிழமை காலை, மேலதிகாரியின் அறையில், அவள் நின்றுகொண்டிருந்தபோது. அதற்கு முந்திய நிமிடம் வரை அது நன்றாகத்தான் இருந்தது.

எண்பத்து மூன்று கலவரம் முடிந்து இரண்டாவது வருடம். கண்டியில் ஒரு தொலைபேசி நிலையத்தில் அவள் ஒப்பரேற்றர். யாழ்ப்பாணத்துக்கு ட்ரங்கோல், அதாவது வெளியூர் அழைப்பு, பதிந்தவர்களை இணைத்துவிடுவது வேலை. அன்று மேலதிகாரியின் அறைக்குச் சிவில் உடுப்பில் வந்திருந்த பொலிஸ்காரர் மேசையில் இன்னொரு ரிசீவரை வைத்தார். ஒரு காதில் வழமையான வேலை, மற்றக் காதில் இது. வடக்குக்குப் போகிற பேச்சைக் கேட்டு, யார் வந்தார், யார் போனார் என்று பின்னேரம் சொல்லவேண்டும்.

முந்திய கிழமைதான், லைன் சரியா என்று பார்க்கக் காது கொடுத்தபோது, ஒரு தாய் கண்டியிலிருந்த கணவனிடம், இயக்கத்துக்குப் போன மகனைப் பற்றி, "தம்பி வந்திட்டான், பின்னறையில படுத்திருக்கிறான்" என்று அழுததைக் கேட்டிருந்தாள். அந்த ஒரு வசனம் போதும், அந்த வீட்டு வாசலில் ஆமி ட்ரக் வந்து நிற்க.

"எனக்கு வலக்காது கேக்காது, சேர்," என்று சிங்களத்தில் சொன்னாள். கலவரத்தில் விழுந்த அடி என்றும் சேர்த்துக்கொண்டாள். அடி விழுந்தது உண்மை. விழுந்தது தோளில்.

செவிடாக இருப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. வலப்பக்கத்துக் கதிரையில் கிறேஸ், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. "அக்கா, ஒங்க தலையில பல்லி!" என்று ஒருநாள் வலக்காதருகே கிசுகிசுத்துப் பார்த்தாள். மங்களேஸ்வரி அசையவில்லை. பல்லி இருந்திருந்தாலும் அசைந்திருக்கமாட்டாள். குண்டசாலை பஸ் கொண்டக்டர் இரக்கப்பட்டு, இடக்காதோடு வாயை வைத்து இறங்கும் இடத்தைக் கத்தினான்.

சிவில் உடுப்புக்காரர் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நடிப்பென்று தெரிந்தால் வேலை போகும். வேலையோடு நிற்குமென்றும் சொல்லமுடியாது.

காதுப் பகுதி டொக்டர் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்தவர். அவள் கண்ணை மூடச் சொல்லி, ஓர் இசைக்கவையைத் தட்டி இடக்காதுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"கேக்குதோ?"

"ஓம்."

வலக்காதுக்குப் பிடித்தார்.

"இல்லை."

மறுபடி தட்டும் சத்தம். இம்முறை வலப்பக்கத்தில் மட்டும், மிக அருகில், ரீங்காரம். அவள் முகத்தை இறுக்கினாள்.

"இப்ப?"

"ஒண்டும் கேக்கேல்லை."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "கண்ணைத் திறவும், பிள்ளை."

அவர் கைகளில் இரண்டு கவைகள் இருந்தன, ஒரே சுருதி.

"இடப்பக்கம் முந்திப் பிடிச்ச தூரத்திலதான் இப்பவும் பிடிச்சனான். அப்ப கேட்டது இப்ப எங்க போட்டுது? கிட்டப் பிடிச்ச வலப்பக்கச் சத்தம் அதை விழுங்கிப்போட்டுது. வலக்காது உண்மையாச் செவிடெண்டால், நீர் இடப்பக்கம் கேக்குதெண்டு சொல்லியிருப்பீர்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"செவிடெண்டு எழுதிவிடுறன். ஒருத்தருக்கும் தெரியவராது."

அவள் பேனையையே பார்த்திருந்தாள். எழுதினால் தப்பலாம். காலமெல்லாம் தலையைச் சரித்துக்கொண்டு தப்பலாம். அந்த ரிசீவர் அடுத்த கதிரைக்கு நகரும்.

"பிறகு கிறேஸைக் கேப்பினம். அவளும் உங்களிட்டத்தான் வருவாள். எத்தினை பேரைச் செவிடாக்குவியள், டொக்டர்? ரெண்டும் நல்லாக் கேக்குதெண்டு எழுதுங்கோ."

"உமக்கு விசரே?"

"எழுதுங்கோ."

மறுநாள் சிவில் உடுப்புக்காரர் சிரித்துக்கொண்டே ரிசீவரை அவள் முன்னால் தள்ளினார். அவள் சிங்களத்தில், எல்லாக் கதிரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "ரெண்டு காதும் கேக்கும், சேர். ஒட்டுக்கேட்டுச் சொல்ல ஏலாது."

இணைப்புப் பலகையில் விளக்கு எரிந்தது. இணைத்தாள். "சாவகச்சேரி வந்திருக்கு, அம்மா. கதையுங்கோ." அவர் பார்த்திருக்கவே பலகையின் கேட்கும் சுவிட்சைத் தட்டித் தன் காதை லைனிலிருந்து விலக்கினாள்.

அவர் ரிசீவரைக் கிறேஸ் பக்கம் நகர்த்தினார். கிறேஸ் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"அக்கா சொன்னதுதாங்க எனக்கும்," என்றாள், அவருக்குத் தமிழ் விளங்குமா என்றுகூடப் பார்க்காமல்.

மங்களேஸ்வரியை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம் என்றார்கள். பின்னேர பஸ்ஸில் கொண்டக்டர் வழமைபோல இடக்காதருகே குனிந்து மூச்சை இழுத்தான்.

"கத்தவேண்டாம், மல்லி," என்றாள், சிங்களத்தில் தம்பி முறை வைத்து. "எனக்கு ரெண்டு காதும் கேக்கும்."