சல்வத்தோரே என்றொரு காவல் நாய்

சண்டிலிப்பாயில் நமசிவாயத்தாருக்குத் தெரியாத நாய் கிடையாது. முப்பத்தொரு வருடம் தபால்காரராகச் சைக்கிள் மிதித்த மனிதர். எந்தப் படலைக்குள் எந்த நாய் நிற்கும், அது குரைத்துவிட்டுப் போகுமா கடித்துவிட்டுப் போகுமா என்பதெல்லாம் அவருடைய கெண்டைக்காலுக்குத் தெரியும். நாலு தழும்பு இருக்கிறது. அந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரப் பெயர்தான். ஜிம்மி, சீசர், ரொமி, ஒரு பென்சன் வாத்தியார் வீட்டில் வில்லியம். பிள்ளைக்குப் பெயர் வைக்க எண்சாத்திரம் பார்க்கிற சனம், நாய்க்கென்றால் நேரே வெள்ளைக்காரனிடம் போய்விடும்.

மனைவி குணலட்சுமி போய் ஆறு வருடம். ஒரே மகன் கேதீஸ்வரன் இத்தாலியில், பலெர்மோவில். "வீடு பார்க்கிற வேலை அப்பா" என்று சொல்லியிருந்தான். பெரிய பங்களா ஒன்றை மேற்பார்க்கிறான் என்று இவர் விளங்கிக்கொண்டார், ஊரிலும் அப்படியே சொல்லிக்கொண்டார். தாய் செத்தபோது அவனிடம் விசா இருக்கவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பன் மகன். இப்போது விசா கிடைத்துவிட்டது. இந்தச் சித்திரா பௌர்ணமிக்கு வந்து, கீரிமலைத் தீர்த்தத்தில் முழுகி, தாய்க்குச் செய்ய வேண்டியதைத் தன் கையால் செய்வதாகச் சொல்லியிருந்தான். நமசிவாயத்தார் காலண்டரில் அந்த ஒரு நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசியில் அயலில் இரண்டு வீட்டில் களவு போனது. கேதீஸ்வரன் பதறிப்போய், மானிப்பாயில் நாய் வளர்த்து விற்கிற றோய் என்பவரிடம் சொல்லி, கன்றுக்குட்டி அளவில் ஒரு கறுப்பு நாயை வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தான்.

"நாய் நிண்டா எனக்கு நிம்மதி அப்பா."

நீ வந்து நின்றால் எனக்கு நிம்மதி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"இத்தாலிப் பேர் ஒண்டு வையுங்கோ. அப்பதான் நிவேதனா போனிலை கூப்பிடுவாள்" என்றான் மகன். நிவேதனா பேத்தி. ஏழு வயது. தமிழ் வாயில் வராது. தாத்தாவோடு கதைக்கச் சொன்னால் கையைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாள். நாய் ஒன்றின் பெயரிலாவது அவள் இந்த வீட்டைக் கூப்பிடட்டும் என்று கிழவருக்கு ஆசை வந்துவிட்டது.

முதலில் அந்தோனி என்று வைத்தார். வேலிக்கு அங்காலிருந்து செபஸ்தியம்மா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, உது என்ரை மனுசன்ரை பேரெல்லோ. செத்த மனுசனை வாடா போடா எண்டு கத்துறியள்."

வெட்கமாய்ப் போயிற்று. அந்தப் பெயரை அன்றே விட்டுவிட்டார். இரண்டு நாள் கறுப்பு நாய் பெயரில்லாமல் நின்றது. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது பளிச்சென்று பிடிபட்டது. மகன் ஒவ்வொருமுறை போனை வைக்கும்போதும் ஒரு பெயர் சொல்வானே. "சல்வத்தோரேக்குச் சாப்பாடு குடுக்கவேணும், வைக்கிறன்." "சல்வத்தோரேயைக் குளிப்பாட்டவேணும்." "சல்வத்தோரேயை வெளியிலை நடத்திக்கொண்டு போகவேணும்." பங்களா நாய்தான், வேறென்ன. நாயைக் குளிப்பாட்டி நடத்துகிற ஊர் அது.

இந்த நாயும் கெட்டிக்கார நாய். ஒரு கிழமையில் பெயரைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அங்கே மத்தியானம், கேதீஸ்வரன் வீடியோவில் வந்தான். நமசிவாயத்தார் போனை நாய்ப்பக்கம் திருப்பினார்.

"சல்வத்தோரே, வாடா இங்கை. இரு. இரடா எண்டுறன்."

நாய் அழகாய்க் குந்தியிருந்து காட்டியது.

"அப்பா, அந்தப் பேரை மாத்துங்கோ."

"ஏன், அங்கத்தை நாயின்ரை பேர்தானே?"

"நாயில்லை அப்பா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மனுசன். எண்பத்திமூண்டு வயது. நான் பார்க்கிறது வீடில்லை, இவரைத்தான். சாப்பாடு தீத்திறது, கழுவுறது, துடைக்கிறது எல்லாம் நான்தான். ஊரிலை சொல்ல வெட்கமாக் கிடந்தது."

பிறகு போனைத் திருப்பினான். சக்கர நாற்காலியில் ஒரு மெலிந்த கிழவர் இருந்தார். நெஞ்சில் துவாய் கட்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வெள்ளையாய் வாரிய தலை, சவரம் செய்த முகம், செருப்பில்லாத காலில் நகங்கள் ஒட்ட வெட்டி வடிவாக இருந்தன. நமசிவாயத்தாருக்குக் குனிந்து தன் நகம் வெட்ட முடியாமல் போய் மூன்று வருடம். தன்னை அறியாமல் காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். பிறகு நினைவு வந்து கும்பிட்டார். அந்தக் கிழவரும் ஒரு கையைத் தூக்கினார்.

எரிச்சலாக இருந்தது. பொறாமை என்றே சொல்லலாம். தான் பெற்ற பிள்ளையின் கை ஆரோ ஒருவரின் காலைப் பிடிக்கிறதே என்று இருந்தது.

"அவருக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"ரெண்டு பேர். மிலானிலை. நத்தார்ப் பண்டிகைக்கு வருவினம், சில வருசம் வராயினம்."



"நீ இங்கை வந்தா இவரை ஆர் பார்க்கிறது?"

"ஆள் தேடுறன் அப்பா. கிடைக்கேல்லை. ஆனா பிளேன் ரிக்கற் போட்டிட்டன். அம்மான்ரை விசயம், எப்பிடியும் வருவன்."

அவர் கேட்க விரும்பிய சொல் அதுதான். ஆறு வருடம் அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தார்.

"வராதை தம்பி" என்றார்.

"அப்பா?"

"அந்தாளைத் தனிய விட்டிட்டு வராதை. தனிய இருக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். கொம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

மகன் அழுதான். இவர் அழவில்லை. சோறு கொதிக்குது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பொழுதுபட, சட்டியில் சோற்றைக் குழைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். நாய்க்கு வேறு பெயர் தேடுகிற தென்பு இல்லை. ஆனால் எண்பத்திமூன்று வயது மனிதரின் பெயரைச் சொல்லி 'தின்னடா' என்று சொல்லவும் நா எழவில்லை.

"சல்வத்தோரே, சாப்பிடுங்கோ" என்றார்.

நாய் ஒன்றும் விளங்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் குசினிக்குள் போய்த் தன் சோற்றுக் கோப்பையை எடுத்துவந்து அதன் பக்கத்தில் இருந்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.