பச்சைத் துணி வலை

என் மேசைக்கு எதிர்ச்சுவரில், ஓர் ஆணியில், பச்சைத் துணியில் தைத்த சின்னக் கைவலை ஒன்று தொங்குகிறது. வளையம் துணி காயப்போடும் கம்பி. பிடி உடைந்த துடைப்பத்தின் கட்டை. துணி, நைந்துபோன ஒரு நூல் புடவையின் முந்தானைப் பக்கம். உற்றுப் பார்த்தால் மஞ்சள் பூக்கள் இன்னும் தெரியும். நைலான் வலைகள் அலமாரி நிறைய இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் மீன் ஆய்வகத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். போன வாரம் சேர்ந்த பெண் நேராகவே கேட்டுவிட்டாள். மீனின் உடம்பில் இருக்கும் வழுவழுப்புதான் அதற்கு முதல் காவல், முரட்டு வலையில் அது உரிந்துபோனால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது போல ஆகிவிடும், அதனால் மெல்லிய துணி நல்லது என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பாதி பதில். பாதி பதில் சொல்வதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

இந்த வலையைத் தைத்தது, நான் இதே திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எங்கள் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், மகளைப் பட்டணத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று மலையிறங்கி வந்து, தினக்கூலிக்கு எங்களிடம் சேர்ந்திருந்தார். ஆய்வகம் முழுக்க மலையாளம் பேசும். நாங்கள் இருவர் மட்டும் தமிழ். அதிலும் ஒற்றுமை இல்லை. நான் பேசுவது கரமனை அக்ரஹாரத்துத் தமிழ், அவர் பேசுவது தோட்டத்துத் தமிழில் பாதி மலையாளம் கலந்தது. ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் சிரிப்பது எங்களுக்குத் தினப்படி நடக்கும் வேடிக்கை. நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை "டீச்சரே" என்றுதான் கூப்பிட்டார்.

எங்கள் வீடு வெங்காயம் நறுக்கவே நாள் பார்க்கும் வீடு. அங்கே பிறந்துவிட்டு நான் மீனுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கப் போனதை அம்மா கடைசிவரை ஜீரணிக்கவில்லை. "கொல்லைப் பக்கமா வந்து குளிச்சுட்டு அப்புறம் சமையலுள்ள கால வை" என்பதுதான் என் ஆராய்ச்சியைப் பற்றி அம்மா தினமும் வெளியிட்ட ஒரே கருத்து. மீனைக் கையில் பிடிக்க ஆரம்பத்தில் எனக்கும் கூசியது. அதற்கு நோய் வந்தால் தெரிந்துகொள்ள நுண்ணோக்கியும் ரத்தப் பரிசோதனையும் எனக்குத் தேவைப்பட்டன. அக்காவுக்கோ, மீனுக்குத் தீனி போடுவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் தொட்டி விளிம்பில் கையூன்றி நின்றால் போதும். "நாலாம் தொட்டில ஒண்ணு ஒதுங்கி நிக்குது டீச்சரே, நாளைக்குப் படுத்துடும்" என்பார். மறுநாள் அது படுத்துவிடும். தோட்டத்தில் ஆடும் மாடும் வளர்த்த கண் அது. அங்கே அவர்கள் வழக்கம், நோவு கண்டதை உடனே பிரித்துத் தனியே கட்டி, தனித் தண்ணீர் வைத்து, தேறிய பிறகு மந்தையோடு சேர்ப்பது. "மத்ததுங்க கூட விட்டா முட்டியே கொன்னுடும்" என்று ஒருமுறை சொன்னார். நான் தலையாட்டிவிட்டு என் குறிப்பேட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்த வாக்கியத்தை ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

என் ஆராய்ச்சியின் கடைசிச் சோதனை இப்படி. ஆறு தொட்டிகளில் ஜிலேபி மீன் குஞ்சுகள். மூன்று தொட்டிகளுக்குத் தடுப்பூசி போடுவேன். மூன்றுக்குப் போட மாட்டேன். சில வாரம் கழித்து ஆறிலும் நோய்க்கிருமியை ஏற்றிவிட்டு, இரண்டு வாரம் தினமும் காலையில் செத்த மீன்களை எண்ணுவேன். ஊசி போடாதவை நிறையச் செத்து, போட்டவை பிழைத்தால் என் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அர்த்தம். உதவித்தொகை முடிய நான்கு மாதம்தான் இருந்தது. இது தவறினால் பட்டம் இல்லை. வீட்டில் காத்துக்கொண்டிருந்த ஜாதகக் கட்டு என்னை வரவேற்கும்.

மீன் குஞ்சுகள் வந்து இறங்கிய நாளில் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. ஒண்ணுகூட சாகப்படாது, கேட்டேளா?" என்றேன். கிருமி ஏற்றும் நாள்வரை ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் நினைத்தது. அதற்குப் பிறகு பாதி சாகத்தான் வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. தொட்டி கழுவுகிறவருக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தேனா, மீன் சாக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசியதா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்கா அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய், தன் பச்சைப் புடவையைக் கிழித்து இந்த வலையைத் தைத்துக்கொண்டு வந்தார். "நைலான்ல வழுக்கெல்லாம் உரிஞ்சு போகுது. உங்க வாழ்க்கைன்னு சொன்னீங்கல்ல" என்றார்.

கிருமி ஏற்றி ஒரு வாரமாயிற்று. ஊசி போடாத தொட்டிகளில் நான் எதிர்பார்த்த சாவு வரவில்லை. அங்கொன்று இங்கொன்று. ஊசி போட்ட தொட்டிகளிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அப்படியானால் என் தடுப்பூசி வெறும் தண்ணீர். உயிரோடு இருப்பவற்றை எண்ணிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றே வெளிப்பட்டிருக்கும். நான் செத்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ் கிடைத்து, அரைமணி முன்னதாகப் போய்விட்டேன். கதவருகே இந்தப் பச்சை வலை தொங்கியது. தொட்டேன், ஈரம். கிருமி ஏற்றிய பிறகு தொட்டிக்குள் யாரும் வலை விடக்கூடாது. "வலை ஏன் ஈரமா இருக்கு?" என்றேன். அக்கா முகம் மலர்ந்து, என்னைப் பம்பு அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஒரு நீலத் தொட்டியின் மேல் மூடியிருந்த சாக்கை விலக்கினார். உப்புத் தண்ணீரில் மூன்று மீன்கள். "பார்த்தீங்களா? முந்தாநாள் கவுந்து கிடந்ததுங்க. இப்போ துள்ளுது பாருங்க." தினமும் காலையில் நான் வருமுன், சோர்ந்ததையெல்லாம் வலையில் மெல்ல அள்ளி இங்கே கொண்டுவந்து, உப்புப் போட்டு, தேறியதும் திருப்பி விட்டிருக்கிறார். எத்தனை என்று அவருக்கே கணக்கில்லை. "ஒண்ணுகூட சாகப்படாதுன்னு சொன்னீங்கல்ல டீச்சரே. பட்சே எல்லாத்தையும் காப்பாத்த முடியல" என்று அந்தச் செத்த சிலவற்றுக்காக என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். பத்து நாள் எண்ணியதெல்லாம் வீண் என்று புரிந்தது. ஆனாலும் நான் கத்தவில்லை. அவருடைய சந்தோஷத்துக்கு முன்னால் கத்தத் தெரியவில்லை.

வழிகாட்டியான சாரிடம் போய், தொட்டிகளிலிருந்து மீனை எடுத்து மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னேன். சார் கெட்டவர் அல்ல. அக்காவைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "ஆரு பறஞ்ஞிட்டா இது செய்தது?" என்று கேட்டார். யார் சொல்லிச் செய்தாய் என்று. நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஒருத்தி வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். அக்கா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆரும் பறஞ்ஞில்ல சாரே. நானா செஞ்சதுதான். டீச்சருக்கு ஒண்ணும் அறியாது" என்றார். அடுத்த மாதத்திலிருந்து அவர் வரவேண்டாம் என்று ஆயிற்று.

எனக்கு ஆறு மாதம் நீட்டித்துக் கொடுத்தார்கள். சோதனையை மறுபடி செய்தேன், தடுப்பூசி வேலை செய்தது, பட்டம் வந்தது. கெட்டுப்போன சோதனையின் மீன்களை அந்த வாரமே மயக்க மருந்தில் போட்டுக் கொன்று எரித்தோம். ஆய்வக விதி அதுதான். அவற்றைத் தொட்டியிலிருந்து எடுத்தது நான், இதே பச்சை வலையால்.

கடைசி நாள் அக்கா விடைபெற வந்தார். நான் அழுதுகொண்டு என்னென்னவோ உளறினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. "சாரமில்ல டீச்சரே, விடுங்க. கைவேலை தெரிஞ்சவளுக்கு எங்கேயும் வேலை உண்டு" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். வலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, "அந்த மூணும் என்னாச்சு?" என்று கேட்டார். வெள்ளாயணிக் காயலில் விட்டுவிட்டோம் என்று சொன்னேன். நோய்க்கிருமி ஏறிய மீனைக் காயல் போன்ற பொது நீர்நிலையில் விடுவது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத பாவம். முதல் வருஷ மாணவர்கூட இந்தப் பொய்யைக் கேட்டுச் சிரித்திருப்பார். அக்கா நம்பினார்.

இரண்டு வருஷத்துக்கு முன் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில், "டீச்சரே!" என்று ஒரு குரல். தலை நன்றாக நரைத்திருந்தது. ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைக்கும் வேலை, மகள் நர்ஸாகிவிட்டாளாம். இருவரும் டீ குடித்தோம். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று தொண்டைவரை கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்: "மக வீடு காயலுக்கு அந்தப் பக்கம். பஸ் காயல் ஓரமா போறப்போ எல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன் டீச்சரே. நம்ம மீனுங்க இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும், இல்லையா?" எடுத்திருக்கும் அக்கா என்றேன். அவர் பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

அக்கா தோட்டத்துப் பள்ளியில் தமிழ் படித்தவர். பொட்டலம் கட்டி வந்த தமிழ்த் தாளைக்கூட விரித்து வாசிக்காமல் போடமாட்டார். இது அச்சில் வந்தால் ஒருநாள் அவர் கண்ணில் படலாம். பட்டால், காயல் ஓரமாகப் போகும்போது எட்டிப் பார்க்க அவருக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அதை நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் எனக்குச் சௌகரியமான காரணமாகவே இருந்தது.

நாளைக் காலை புதிய சோதனை ஒன்று ஆரம்பிக்கிறது. தொட்டி பார்ப்பவர்களை உட்காரவைத்து, எந்தத் தொட்டியில் சாவு வரும், ஏன் வரும், பிழைத்தவற்றைக் கடைசியில் என்ன செய்வோம் என்று எப்போதும் போல முதலிலேயே சொல்லிவிடுவேன். அதன் பிறகு ஆணியிலிருந்து பச்சை வலையை எடுத்து அந்தப் புதுப் பெண்ணின் கையில் கொடுத்து, மீதிப் பாதி பதிலையும் சொல்ல வேண்டும். சார் அன்று கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில். நான்தான் சார். ஒன்றுகூடச் சாகக்கூடாது என்று அக்காவிடம் சொன்னது நான்தான்.