317-ஆம் நம்பருக்கு அறுபத்திரண்டு வயது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பெருமை அதைவிடச் சட்டென்று வரும். இந்தக் கதையில் இரண்டும் இருப்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பதுளையில் ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்தியக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வாத்தியாராக மாற்றலாகி வந்து, பிறகு திரும்பிப் போகாதவர். நான் பிறந்து வளர்ந்தது பதுளையில்தான். ஆனால் வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு. தேயிலைத் தோட்டங்கள் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். எனக்கும் தோட்டத்துக்கும் இருந்த உறவு அந்த ஜன்னல் அளவுதான்.

பண்டாரவளையில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்திருந்தேன். கந்தோரில் அந்தப் பெட்டியைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால், தோட்டத் தொழிலாளர்களின் பதிவேட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். அந்தப் பதிவேட்டுக்கு செக்ரோல் என்று பெயர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தொழிலாளியின் நம்பர், பெயர், பிறந்த திகதி, வேலைக்குச் சேர்ந்த திகதி. நாலு மாதத்தில் எழுதி முடித்து, பிளொப்பியில் போட்டுத் தோட்டம் தோட்டமாக அனுப்பினேன். தோட்டத்துக் கிளாக்கர்மார் திகதிகளைத் தாறுமாறாக அடித்து வைப்பதைப் பார்த்து எரிச்சல் வந்தது. ஒரு தடவை பதிந்த திகதியை அதன்பிறகு யாரும் தொடமுடியாதபடி பூட்டிவிட்டேன். பெயரை மட்டும் பூட்டவில்லை, எழுத்துப் பிழை திருத்த வேண்டிவரும் என்று. அந்தப் பூட்டைப்பற்றிக் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பத்து வருடம் அந்தப் புரோகிராம் ஓடியது. அதற்குள் சம்பளத்துக்கு வேறொருவர் ஒன்று எழுதினார். லீவுக்கு ஒன்று, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தொழிலாளியின் விவரத்தைத் தன்னிடம் தனியாக வைத்துக்கொண்டது. ஒன்றில் இருந்த பெயர் இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தது. கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு இது பெரிய தலைவலி. இரண்டாயிரங்களின் நடுவில் எல்லாவற்றையும் புதிதாக்கத் தீர்மானித்தார்கள்.

பழையதை இடித்துவிட்டுக் கட்டுவதில்லை, பழையதைச் சின்னச் சின்னச் சேவைகளாகப் பிரித்துப் பேசவைப்பது என்றார்கள். எனக்கு அது உடனே விளங்கியது. அரசாங்கக் கச்சேரிக்குப் போனால் ஒவ்வொரு மேசையிலும் நம்முடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கேட்பார்கள் அல்லவா? அப்படியில்லாமல், ஒரே ஒரு மேசையில் சான்றிதழ் இருக்கும், மற்ற மேசைக்காரர்கள் அந்த மேசையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். லீவுச் சேவைக்கு ஒருவருடைய வயது வேண்டுமென்றால் ஆள்விவரச் சேவையைக் கேட்கும். காம்பராச் சேவையும் அப்படியே. ஆள்விவரத்துக்கு எதை நம்புவது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, “என்ர செக்ரோலை எடுங்கோ, அதிலதான் திகதியள் பூட்டியிருக்கு” என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

புதுச் சேவைகள் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பிரசவ லீவு விண்ணப்பத்தைச் சேவை நிராகரித்தது. நம்பர் 317. வயது அறுபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்து நாற்பத்தைந்து வருடம். அறுபத்திரண்டு வயதில் பிரசவ லீவு! அந்த வரியை அச்செடுத்துக் கொழும்புக் கூட்டத்தில் காட்டினேன். பத்து வருடமாக இப்படி எத்தனை பொய் நழுவிப் போயிருக்கும் என்று கேட்டேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தோட்டத்துக் கிளாக்கர் தொலைபேசியில் வந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், குரலில் எப்போதும் பணிவு.

“மிஸ், அந்த முந்நூத்திப் பதினேழு முழுகாம இருக்குங்க. எட்டு மாசம். கம்ப்யூட்டர் லீவு தரமாட்டேங்குது.”

“ஐயா, கம்பியூட்டர் பிழை விடாது. நீங்கள்தான் நம்பரை மாறி அடிச்சிருப்பியள். ஒருக்கா வடிவாப் பாத்திட்டு அனுப்புங்கோ.”

“நம்பர் சரிதாங்க மிஸ்.”

“அப்ப ஆள் பிழை” என்று வைத்துவிட்டேன்.

எட்டு நாள் கழித்து மறுபடியும் அவர்தான். இந்தத் தடவை நான் வாயைத் திறக்குமுன் பேசத் தொடங்கினார்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. அந்தப் புள்ள இன்னும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிக்கிட்டிருக்கு. கம்ப்யூட்டர் அதுக்கு வேலை வயசு முடிஞ்சிருச்சுன்னு காம்பராவ விடச்சொல்லி கடிதாசியும் அடிச்சுத் தந்திருச்சு. நான் மேசை லாச்சியில வச்சிருக்கேன். புருசன் கொழும்புல கடையில நிக்கிறான், தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆளு அந்தக் காம்பராவுல அது மட்டுந்தான். வேலைக்குப் போகாம நின்னா பேர வெட்டிருவாங்க, காம்பராவும் போயிரும்னு அதுக்குப் பயம். எவ்வளவு சொல்லியும் நிக்க மாட்டேங்குது.”

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. இந்த மனிதரின் பிழையை அவர் கண்முன்னாலேயே காட்டுகிறேன் என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

தோட்டத்துக் கந்தோருக்குப் பக்கத்தில்தான் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. நான் போய்ச் சேர்ந்தபோது பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்குப்பிள்ளை பெயர் சொல்லவில்லை, நம்பரைத்தான் கூப்பிட்டார். “முந்நூத்திப் பதினேழு” என்றதும் ஒரு சின்னப் பெண் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். உடுப்பு நனையாமலிருக்கப் படங்குச் சாக்கை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கினாள். பக்கத்தில் நின்றவள் கூடையைத் தாங்கிப் பிடித்தாள்.

கிளாக்கர் என் பக்கத்தில் வந்து நின்றார். “இதாங்க மிஸ், உங்க அறுபத்திரண்டு வயசு” என்றார்.

கேலியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அச்சுக் கடதாசியும் கொழும்பில் கைதட்டியவர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளே போய்ப் பழைய பெட்டியில் என் செக்ரோலைத் திறந்து காட்டினார். 317-இல் அந்தப் பெண்ணின் பெயர் சரியாக இருந்தது. திகதிகள் இரண்டும் அவளுடைய அம்மாவுடையவை.

“அம்மாக்காரி வேலையிலருந்து நிக்கிறப்ப பேர வெட்டிட்டா, அந்த எடத்துக்குப் புதுசா ஆள் பதிய விடமாட்டாங்க மிஸ். ஆள் கொறைக்கிறதுதானே கம்பனிக்கு வேணும். அதனால நம்பர வெட்டாம பேர மட்டும் மாத்திருவோம். மகளுக்கு வேலையும் கெடச்சிரும், காம்பராவும் கையில இருக்கும். எங்க தோட்டத்துல எப்பவும் இப்படித்தான். அந்த அம்மா நின்ன ரெண்டாம் வருசம் செத்துப் போச்சு.”

“அப்ப திகதியையும் மாத்தியிருக்கலாமே ஐயா.”

அவர் அலுமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். பெயர் மாறும்போது திகதியையும் மாற்ற வேண்டியிருக்கிறது, தயவுசெய்து திறந்துவிடவும் என்று அவர் அனுப்பிய கடிதத்தின் பிரதி. அதன் கீழே என் பதில், என் கையெழுத்தோடு. ‘திகதிகளை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் ஏற்படாது.’ அப்படி ஒரு கடிதம் எழுதியது எனக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை. அவர் ஒன்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

பழைய காலத்தில் அந்தப் பொய்த் திகதியால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. லீவுப் புரோகிராம் தன்னிடமிருந்த வயதைப் பார்த்தது, காம்பராப் புரோகிராம் வயதையே பார்க்கவில்லை. ஒன்றோடொன்று பேசாதவரைக்கும் அந்தப் பெண் எல்லா இடத்திலும் இளம்பெண்ணாகத்தான் இருந்தாள். நான்தான் எல்லாவற்றையும் என் பதிவேட்டிடம் கேட்கவைத்தேன். ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவள், ஒரு இடத்தில் பிழைத்தால் எல்லா இடத்திலும் பிழைக்கும் என்பதைச் சொல்லவும் இல்லை, யோசிக்கவும் இல்லை.

அங்கிருந்தே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த மாதம் மற்றத் திருத்தங்களோடு சேர்த்துச் செய்யலாம் என்றார் அங்கே பொறுப்பாக இருந்தவர். அதுவரைக்கும் அந்தப் பெண்ணைப் புது ஆளாகப் புது நம்பரில் பதிந்துவிடுங்கள் என்று யோசனையும் சொன்னார். புது ஆளாகப் பதிந்தால் அவள் வேலை செய்த ஒன்பது வருடம் போய்விடும், நேற்றுச் சேர்ந்தவளுக்குப் பிரசவ லீவும் கிடையாது.

“நீங்கள் கைதட்டினீங்களே, அந்த முந்நூற்றிப் பதினேழு இப்ப எனக்கு முன்னால நிக்குது. எட்டரை மாசம். பிழை என்ர. இண்டைக்கே மாத்தாட்டி நான் இந்தக் கந்தோரை விட்டு எழும்ப மாட்டன்” என்றேன்.

என் கோபம் உருப்படியாக ஒரு காரியம் செய்தது அன்றைக்கு மட்டும்தான். ஒரு மணித்தியாலம் கழித்து கொழும்பிலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் திகதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மாற்றினான். பிறந்த திகதியை அவளுடைய பிறப்புச் சான்றிதழிலிருந்து நான் வாசித்தேன். அதை எடுத்துவர அவள் மலை ஏறி லயத்துக்குப் போய்த் திரும்பி வந்திருந்தாள். கிளாக்கர் லீவு விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் லீவு வந்தது. காம்பராவை விடவேண்டியவர்களின் பட்டியலிலிருந்தும் அவள் பெயர் போய்விட்டது. கிளாக்கர் லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப எனக்கு என்ன வயசுன்னு இருக்கு மிஸ்?” என்று கேட்டாள்.

“இருபத்தாறு.”

“அப்பாடி” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்று மூன்று வாரம் கழித்துக் கிளாக்கர் சொன்னார். என் பெருமைக்காக அந்தப் பெண் பத்து நாள் வயிற்றோடு சரிவில் ஏறி இறங்கியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அவளுடைய நல்ல காலம். எனக்கு அதில் பங்கு இல்லை.

அடுத்த மாதம் விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் காலையில் கூடி, யார் எந்த மலைக்கு என்று பிரிந்து போகும் இடம் அது. அடுத்தவர் நம்பரில் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. அம்மாவின் நம்பர், மாமியின் நம்பர், பெரியம்மாவின் நம்பர். நாலு நாள் உட்கார்ந்து அத்தனை பேருடைய திகதிகளையும் எழுதினேன். பிறகு சேவையையே மாற்றினோம். இனி ஆள் வேறு, நம்பர் வேறு. ஒரு நம்பர் ஒரே ஒருவருக்குத்தான். அவர் நின்றதும் அதுவும் நின்றுவிடும். மகளை வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் மகளின் பெயரில் எடுக்க வேண்டும்.

இதைச் சொல்ல அந்த வருடக் கடைசியில் மறுபடி போனேன். அம்மாவின் நம்பரைப் பிள்ளைக்கு இல்லையென்று ஆக்கிவிட்டேனே, பெண்கள் வருத்தப்படுவார்கள் என்று நினைத்து, ஆறுதலாக நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். நிறுவைக் கொட்டகையில் 317 இருந்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து மகளைத் தூக்கிவந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய பூட்டு, கிளாக்கரின் கடிதம் உட்பட நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“அப்ப எனக்கப்புறம் இந்த நம்பர் யாருக்கும் போகாதா?”

“போகாது.”

“எம் மகளுக்கு?”

“அவவுக்கும் போகாது. நீங்கள் கேட்டாலும் போகாது, துரை கேட்டாலும் போகாது” என்றேன், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

“அதுக்கு நல்ல பூட்டாப் போடுங்க மிஸ்” என்றாள். “யாரு கடிதாசி எழுதிக் கேட்டாலும் தொறந்துறாதீங்க.”