வேகவைத்த ஏழு முட்டைகள்

எண்பதுகளின் கடைசியில் கோவில்பதாகையில் ஓனரம்மா வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஏரிப் பக்கம், பாம்பு வரும். அதை விரட்ட அவர் வெள்ளை வாத்து வளர்த்தார். கறிக்கு விற்கிற சின்ன வாத்து இல்லை. கழுத்து நீண்டு, ஆளைக் கண்டால் சீறுகிற பெரிய சாதி. இரண்டாக வந்தவை மூன்றே வருஷத்தில் ஒன்பதாகிவிட்டன. பாம்பையாவது கம்பால் அடித்திருப்பேன். வாத்தின் மேல் கம்பை ஓங்கினால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

தெருவுக்குப் போக ஒரே வழி, சுவரை ஒட்டிய சந்து. அதுதான் அவற்றின் இருப்பிடம். என் வீட்டுக்காரர் சைக்கிளை முன்னால் தள்ளிக்கொண்டு தப்பிவிடுவார். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடுவேன். அந்த வீட்டை அப்படி வெறுத்தேன்.

அப்போது அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று கிடைத்த முதல் விஷயம் அது. அந்த நேரம் பார்த்து சந்தில் ஒரு வாத்து முட்டையிட்டது. குஞ்சு வந்தால் கூட்டமும் பெருகும், மூர்க்கமும் பெருகும்.

பக்கத்து வீட்டு அக்கா வழி சொன்னாள்: "முட்டைய அவிச்சு திருப்பி வச்சுடு. பைசா செலவில்ல. நாலு நாள் குந்திப் பாத்துட்டு அதுவே எய்ந்து பூடும்."

ஞாயிற்றுக்கிழமை ஓனரம்மா சர்ச்சுக்குப் போனார். வாத்துகள் வாசல் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தன. ஏழு முட்டையையும் முந்தானையில் அள்ளி வந்து, ஸ்டவ்வில் அவித்து, ஆறவைத்து, வைக்கோலில் பழையபடி அடுக்கினேன். மறுநாள் முட்டையிட்ட வாத்து அடை உட்கார்ந்தது.

நாலு நாள் போயிற்று. இருபத்தைந்து நாள் போயிற்று. அது எழவில்லை. ஆண் வாத்து பக்கத்திலேயே காவல் நின்றது. ஒன்றாம் தேதி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குடைக்கடியில் நுழைந்து காலைக் கவ்வியது. ரத்தத்தோடு திரும்பி ஓடிவந்தேன். பத்து நாள் பொறுப்பதாகக் கம்பெனியில் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தப் பத்து நாளில் ஏழாம் நாள் ஓனரம்மா என் கதவருகே வந்தார்.

"நாள் தாண்டிடுச்சும்மா. ஆனாலும் அது நம்பிக்கையா குந்திகினு கீது பாரு. நானும் ஜெபம் பண்ணிகினு கீறேன். குஞ்சு வந்த அன்னிக்கே எல்லாத்தையும் முன்பக்கம் மாத்திடறேன். அப்புறம் நீ நிம்மதியா வேலைக்குப் போ."

உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் வேலை போகும்.

"சரிங்கம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பத்தாம் நாளும் அது எழவில்லை.